மரபணுப் படியெடுப்பு நின்றால் உட்கருவில் என்ன நடக்கும்?

கேள்வி: மரபணுக்களைப் படியெடுக்கும் வேலை நின்றுபோனால், செல்லின் உட்கருவுக்குள் இருக்கும் அமைப்புகள் அப்படியே இருக்குமா?

பதில்: இருக்காது. அவற்றைச் சுற்றிச் சவ்வு கிடையாது. நடக்கும் வேலைதான் பெரும்பாலும் உருவத்தைப் பிடித்துவைத்திருக்கிறது.

உட்கருமணியைப் பாருங்கள். ரைபோசோமுக்கான ஆர்.என்.ஏ. தயாராகும் இடம் அது. குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுநோய்க்குத் தரப்படும் ஆக்டினோமைசின்-டி மருந்து, மிகக் குறைந்த அளவிலேயே அந்தத் தயாரிப்பை நிறுத்திவிடும். உடனே ஒன்றுக்குள் ஒன்றாக இருந்த அடுக்குகள் பிரிகின்றன. நடுவிலிருந்த இழைப் பகுதி வெளியே வந்து, சுருங்கி உருண்டுவிட்ட மணியின் விளிம்பில் தொப்பி போல ஒட்டிக்கொள்கிறது. மருந்தைக் கூட்டினால், உட்கருவின் இன்னோர் அமைப்பான கஹால் உடலங்களில் இருக்கும் கோய்லின் புரதமும் அங்கே வந்து சேர்கிறது.

ஆர்.என்.ஏ.யை வெட்டி ஒட்டும் புரதங்கள் குவிந்திருக்கும் புள்ளிகளின் கதை வேறு. கொடிய அமானிட்டா காளானின் நஞ்சான ஆல்ஃபா-அமானிட்டின், தூது ஆர்.என்.ஏ. தயாரிப்பைத் தடுக்கிறது. வேலையிழந்த புரதங்கள் திரும்பி வந்து சேர, ஒழுங்கற்றுக் கிடந்த புள்ளிகள் உருண்டு பெரிதாகின்றன.

என்னை மிகவும் வியக்கவைப்பது டி.ஆர்.பி. என்ற தடுப்பான். அதைக் கொடுத்தால் உட்கருமணி அவிழ்ந்து, மணிகள் கோத்த மாலையாக நீள்கிறது. கழுவி நீக்கிவிட்டால், அதே செல்லில் உட்கருமணி மறுபடி ஒன்றுகூடிவிடும்.