மீசை அரும்பும் வரைதான் மவுசு

"பையன் துறுதுறுன்னு இருக்கான், நடிக்க வைக்கலாமா?" என்று கேட்கிற பெற்றோரிடம் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் சினிமாவிலும் சீரியலிலும் நடித்த குழந்தை நட்சத்திரம் நான். எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. ஆனால், எவ்வளவு நன்றாக நடித்தாலும் ஒரு வயதில் வாய்ப்பு நின்றுவிடும். குரல் உடையும், மீசை அரும்பும். மகன் வேடத்துக்கு உயரம் அதிகம், காதலன் வேடத்துக்கு வயது போதாது. அந்த ரெண்டுங்கெட்டான் காலத்துக்கான ஏற்பாட்டை, கால்ஷீட் நிரம்பி வழியும்போதே செய்துவிட வேண்டும்.

சம்பளம் யாருடையது?

1921-ல் சாப்ளினோடு 'தி கிட்' படத்தில் நடித்துப் புகழ்பெற்ற ஜாக்கி கூகன், வளர்ந்த பிறகு தன் சம்பாத்தியம் கரைந்துபோனதைக் கண்டு சொந்தத் தாயார் மீதே வழக்குப் போட்டார். அதன் விளைவாக 1939-ல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கச் சட்டம் வந்தது. நம் நாட்டில் 2017-ல் திருத்தப்பட்ட விதிகள், வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கி வைப்பு நிதியாகப் போடச் சொல்கின்றன. அதை அடிமட்டமாக வைத்துக்கொண்டு, முடிந்த அளவு கூட்டிப் போடுங்கள். மீதியில் வீட்டுச் செலவு நடந்தால், அதைப் பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். என் சம்பளத்தில் எங்கள் வீட்டு வாடகை போவதை அப்பா என்னிடம் சொல்லித்தான் செய்தார். அதனால் பின்னாளில் எங்களுக்குள் பேச்சு வரவில்லை.

கடிகாரம் உங்கள் கையில்

படப்பிடிப்புக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது; ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது; தொடர்ந்து 27 நாட்களைத் தாண்டக் கூடாது. ஸ்பாட்டில் "இந்த ஒரு ஷாட் மட்டும்மா, லைட் போயிடும்" என்பார்கள். அந்த நேரத்தில் மறுத்தால் சண்டைதான். காலையில் போனதுமே மேனேஜரிடமும் உதவி இயக்குநரிடமும் நேரத்தைச் சொல்லிவிட்டால், உங்கள் பிள்ளையின் ஷாட்டை முதலில் எடுத்துவிடுவார்கள்.

அழுகைக்குக் கிளிசரின் போதும்

"அம்மா செத்துட்டாங்கன்னு நினைச்சுக்கோ" என்று சொல்லி என்னை அழ வைத்திருக்கிறார்கள். ஷாட் ஓகே ஆனது. நான் பல இரவுகள் அம்மாவின் மூச்சைச் சோதித்துவிட்டுத்தான் தூங்கினேன். அப்படிச் செய்யக் கூடாது என்று ஒப்புக்கொள்ளும்போதே பேசிவிடுங்கள்.

வசனம் பேசாத இடம் ஒன்று

பள்ளி ஆண்டு விழாவில் மேடையேற்றி "அந்த டயலாக்கைச் சொல்லு" என்பார்கள். கல்யாண வீட்டிலும் அதே கதைதான். பள்ளியிலாவது அது வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படத்தின் பெயரை விட்டுச் சொந்தப் பெயரில் கூப்பிடும் நண்பர்கள் அங்கேதான் கிடைப்பார்கள்.

இடைவெளியில் ஒரு தொழில்

'துணைவன்' படத்தில் 1969-ல் பால முருகனாக வந்த ஸ்ரீதேவி, 1976-ல் 'மூன்று முடிச்சு' வந்தபோது பதின்மூன்று வயதிலேயே கதாநாயகி. அவருக்கு இடைவெளியே இல்லை. அந்த வயதுக்குரிய வாழ்க்கையும் இருந்திருக்காது. 'களத்தூர் கண்ணம்மா'வில் 1960-ல் அறிமுகமான கமல்ஹாசனோ, இளைஞனாகி மீண்டும் நடிகராக நிலைபெறும் முன் தங்கப்பன் மாஸ்டரிடம் நடன உதவியாளராக இருந்தார். எல்லோரும் கமல் ஆக முடியாது. ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் கேமரா, எடிட்டிங், சவுண்ட் என்று கற்றுக்கொள்ள எவ்வளவோ இருக்கிறது. டப்பிங் தியேட்டரில் சும்மா உட்கார்ந்து பார்த்த பழக்கம்தான் இன்று எனக்குச் சோறு போடுகிறது.

ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் கேளுங்கள்

குழந்தையின் விருப்பமில்லாமல் நடிக்க வைக்கக் கூடாது என்பதும் விதிதான். அதனால், ஒரு படம் முடிந்ததும் "அடுத்ததும் பண்ணலாமா?" என்று கேளுங்கள். "வேண்டாம்" என்று பதில் வந்தால் அட்வான்ஸை அன்றே திருப்பிக் கொடுக்கும் நிலையில் வீடு இருக்க வேண்டும். பிள்ளையின் சம்பளம் வந்தால்தான் அடுப்பெரியும் என்றால், அந்தக் கேள்விக்கே அர்த்தமில்லை.