டீசல் வண்டியின் கரி வடிகட்டியும் அதன் பராமரிப்பும்

கிராமப் பொருளாதாரத்தில் இன்று சிறு சரக்கு வண்டிக்குத் தனியிடம் உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் விளையும் பருத்தி, மக்காச்சோளம், மிளகாய், கொத்தமல்லி, பயறு வகைகள் ஆகியவை களத்திலிருந்து சந்தையை அடைவதற்கு "பிக்கப்" என்று நாம் வழங்கும் டீசல் வண்டி பெரிதும் உதவுகிறது. முன்பு இரட்டை மாட்டு வண்டி செய்த பணியை இப்போது இது செய்கிறது. மாட்டின் பசியையும் நோயையும் அறிந்து பேணியவர்கள் நம் உழவர்கள். அதுபோலவே வண்டியின் இயல்பையும் அறிந்து பேணுவது அவசியமாகும். புதிய டீசல் வண்டிகளில் புகைக்குழாயின் வழியில் பொருத்தப்பட்டுள்ள கரி வடிகட்டி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை இக்கட்டுரையில் கவனிப்போம். ஓட்டுநர்கள் இதனை டி.பி.எஃப். என்றும், அது கரியை எரித்துச் சுத்தமாவதை ரீஜெனரேஷன் என்றும் கூறுவர்.

வடிகட்டி வந்த காரணம்

டீசல் புகையிலுள்ள கரித்துகள்கள் மிக நுண்ணியவை; மூச்சுடன் நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் வகைப்படுத்தியது. நம் நாடு ஐந்தாம் படியைத் தாண்டி, பாரத் ஸ்டேஜ் 6 என்னும் விதிகளை 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. முன்பு டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 50 பங்கு வரை அனுமதிக்கப்பட்ட கந்தகம் 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்களைக் கந்தகம் கெடுக்கும் என்பதே இதற்கு முக்கிய காரணம்.

அமைப்பும் வேலையும்

வடிகட்டியின் உள்ளே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி ஒன்று உள்ளது. அதன் நுண் குழல்களில் ஒன்றுவிட்டு ஒன்று முன்புறம் அடைக்கப்பட்டிருக்கும். மற்றவை பின்புறம் அடைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரு குழலில் நுழையும் புகை, துளைகள் நிறைந்த சுவரினூடே அடுத்த குழலுக்குச் சென்றுதான் வெளியேற முடியும். வாயு கடந்து செல்கிறது. கரி சுவரில் தங்கிவிடுகிறது.

தங்கிய கரியை என்ன செய்வது? இதற்கு நம் வட்டாரத்தின் கரிமூட்டமே நல்ல உதாரணம். சீமைக் கருவேல விறகை அடுக்கி மண்ணால் மூடித் தீயிட்டால், போதிய காற்றின்றி விறகு கரியாகிறது. மூட்டத்தில் பிளவு விழுந்து காற்றுப் புகுந்தாலோ, கரியும் எரிந்து சாம்பலாகிவிடும். வடிகட்டியிலும் அப்படியே. போதிய உஷ்ணமும் பிராணவாயுவும் சேர்ந்தால் கரி எரிந்து வாயுவாகிவிடும். இது இரண்டு விதமாக நிகழ்கிறது.

வண்டி சுமையுடன் நெடுந்தூரம் சீராக ஓடும்போது புகையே 300 முதல் 400 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும். அந்நிலையில், புகையிலுள்ள நைட்ரஜன் டை ஆக்சைடின் துணையால் கரி சிறிது சிறிதாகத் தானே எரியும். வண்டி இவ்வாறு ஓடாவிடில் கரி சேர்ந்துகொண்டே போகும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைச் சென்சார் அறிவிக்க, கட்டுப்பாட்டுக் கருவி சிறிது டீசலைக் கூடுதலாகச் செலுத்தும். அது வடிகட்டிக்கு முன்னுள்ள வினையூக்கியில் எரிந்து, உஷ்ணத்தை ஏறத்தாழ 600 டிகிரிக்கு உயர்த்தும். சுமார் கால் மணி முதல் அரை மணி நேரத்தில் கரி எரிந்துவிடும்.

நம் வட்டாரத்தில் கவனிக்க வேண்டியவை

தோட்டத்திலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து பக்கத்துச் சந்தைக்கும் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடி நிற்பது நம் வண்டிகள் பலவற்றின் வழக்கம். மூட்டை ஏற்றும்போது இஞ்சினை அணைக்காமல் வைப்பதும் உண்டு. இத்தகைய ஓட்டத்தில் புகை போதிய அளவு சூடாவதில்லை. தொடங்கிய சுத்திகரிப்பும் பாதியில் நின்றுவிடும். அதற்கெனச் செலுத்தப்பட்ட டீசலில் ஒரு பகுதி இஞ்சின் ஆயிலில் கலந்து அதன் வழவழப்பைக் குறைக்கும். எனவே கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ள வேண்டும்:

1. கரி வடிகட்டியின் விளக்கு எரிந்தால் அலட்சியம் செய்யலாகாது. கைப்புத்தகத்தில் கூறியபடி, போக்குவரத்து இடையூறில்லாத சாலையில் சீரான வேகத்தில் சுமார் 20 நிமிடம் ஓட்ட வேண்டும். அருப்புக்கோட்டை வழியே செல்லும் மதுரை–தூத்துக்குடி நான்குவழிச் சாலை இதற்கு ஏற்றது.

2. நின்ற நிலையில் இஞ்சின் வேகம் உயர்வதும், சூடான வாடை வருவதும் சுத்திகரிப்பு நடப்பதன் அறிகுறிகளாகலாம். இயன்றவரை அது முடியும் முன் இஞ்சினை அணைக்கலாகாது.

3. ஆயில் அளவைக் குச்சியால் அடிக்கடி பார்க்க வேண்டும். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஏறியிருந்தால் டீசல் கலந்திருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டி மாற்ற வேண்டும்.

4. வடிகட்டியுள்ள வண்டிக்கெனக் குறிக்கப்பட்ட, சாம்பல் குறைந்த ஆயிலையே ஊற்ற வேண்டும். அடுப்பில் விறகு எரிந்தாலும் சாம்பல் எஞ்சுவதுபோல, ஆயிலின் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும். அதை எந்த உஷ்ணமும் எரிக்காது. வடிகட்டியைக் கழற்றித்தான் அகற்ற வேண்டும்.

5. மண்ணெண்ணெய் முதலியவை கலந்த மலிவு டீசலை நாடலாகாது.

விளக்கைப் பொருட்படுத்தாமல் ஓட்டினால் வண்டியின் இழுவை குறைந்துவிடும். பிறகு பட்டறையில் கருவி பொருத்திச் சுத்திகரிக்க நேரும். அதற்கும் மேல் கரி சேர்ந்தால், அது ஒரே சமயத்தில் எரிந்து பீங்கானையே வெடிக்கச் செய்யலாம். புது வடிகட்டியின் விலை பெருஞ்சுமையாகும். சந்தை நாளில் வண்டி நின்றுவிட்டால் பொருளின் விலையும் கைநழுவும்.

களத்தில் தீ அபாயம்

சுத்திகரிப்பின்போது வண்டியின் அடிப்பாகம் மிகுந்த சூடேறும். கோடையில் காய்ந்த மக்காச்சோளத் தட்டை, பருத்திமார், வைக்கோல், காய்ந்த புல் ஆகியவற்றின் மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பற்றக்கூடும். கரிசல் காட்டில் காற்றோடு சேர்ந்த தீ ஓராண்டு உழைப்பை ஒரு நாழிகையில் அழித்துவிடும். ஆகவே வண்டியை வெறுந்தரையில் நிறுத்த வேண்டும். சிறுவர்களைப் புகைக்குழாயின் அருகே விடலாகாது.

கழற்றிவிடலாமா?

வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டால் தொல்லை தீரும் என்று சிலர் யோசனை கூறுவர். இது தவறான வழியாகும். மோட்டார் வாகனச் சட்டம் 190ஆம் பிரிவின்படி, மாசு விதிகளை மீறி வண்டி ஓட்டினால் முதல் குற்றத்திற்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதம் பறிபோகும். அதைவிடப் பெரிது, அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் யார் என்பது. மூட்டை ஏற்றும் தொழிலாளரும், களத்தில் பணி செய்யும் பெண்களும், வண்டியைச் சுற்றி விளையாடும் நம் குழந்தைகளுமே.

வாரம் ஒருமுறை சற்று நெடிய ஓட்டம், தக்க ஆயில், விளக்கில் கவனம் ஆகிய மூன்றும் இருந்தால் இச்சாதனம் பல ஆண்டுகள் உழைக்கும். சொந்த வண்டி வைத்திருப்போரும் ஓட்டுநர்களும் இவற்றைக் கடைப்பிடித்து, பக்கத்து ஊராருக்கும் எடுத்துரைத்தால் நம் பொருளும் காக்கப்படும். நம் மக்களின் மூச்சும் காக்கப்படும்.