ரிங் போகுது, ஆனா போன் அடிக்கல! லேண்ட்லைன் பழுதை நாமே கண்டுபிடிப்பது எப்படி?

தொட்டியத்தில் என் பெரியம்மா தனியாகத்தான் இருக்கிறார். வயது 74. பழைய காலத்து தடிச்சுவர் வீடு என்பதால் உள்ளே மொபைல் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மஸ்கட்டில் இருந்து அண்ணன் கூப்பிடுவது கூடத்தில் இருக்கும் லேண்ட்லைனுக்குத்தான்.

ஒரு ஐப்பசி மாத மழையில், அப்படி ஒரு ஞாயிறு அண்ணன் எனக்குக் கூப்பிட்டார். குரலே சரியில்லை. "பத்து தடவை அடிச்சிட்டேன். ரிங் போய்க்கிட்டே இருக்கு, அம்மா எடுக்கவே மாட்டேங்குறாங்க. என்னன்னு பாரேன்" என்றார். நான் இருந்தது சென்னையில். பக்கத்து வீட்டு அக்காவுக்கு போன் போட்டு ஓடிப் பார்க்கச் சொன்னேன். அவர் திரும்பக் கூப்பிடும் வரை எங்கள் இருவருக்கும் உயிர் கையில் இல்லை.

பெரியம்மா திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாராம். "போன் அடிக்கவே இல்லையேம்மா. அவன்தான் இன்னைக்குக் கூப்பிடலைன்னு நான் கவலையா இருக்கேன்" என்றாராம்.

மறுநாள் லைன்மேன் வந்து பார்த்தார். சுவரில் இருந்த சின்ன வெள்ளைப் பெட்டிக்குள் ஓதம் ஏறி, திருகாணியில் பச்சை பூத்து, ஒரு கம்பி கழன்று கிடந்தது. ஐந்து நிமிட வேலை. போகும்போது அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் பாடம்: "ரிங் போகுதுன்னா லைன் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லைங்க."

இது தெரியாததால்தான் பல வீடுகளில் பழுதை யாரும் கவனிக்காமல் நாள்கணக்கில் போகிறது. உங்கள் கையில் இருக்கும் ஸ்மார்ட்போனை வைத்தே சோதிப்பது எப்படி என்று பார்க்கலாம்.

முதலில், இது எப்படி வேலை செய்கிறது?

லேண்ட்லைன் என்பது அடிப்படையில் இரண்டு செம்புக் கம்பிகள். தொலைபேசி நிலையத்தில் இருந்து கேபிள் வழியாகக் கிளம்பி, தெருவோரப் பெட்டி, கம்பம், அங்கிருந்து உங்கள் வீட்டுச் சுவர்ப் பெட்டி என்று அவை வந்து சேர்கின்றன. இந்தச் சுவர்ப் பெட்டியை லைன்மேன்கள் 'ரொசெட்' என்பார்கள்.

அந்தக் கம்பிகளில் சுமார் 48 வோல்ட் மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். அது நம் வீட்டு மின்சாரம் அல்ல. நிலையத்தில் உள்ள பேட்டரியில் இருந்து வருவது. அதனால்தான் ஊரே கரண்ட் இல்லாமல் இருட்டில் இருந்தாலும் பழைய சாதாரண லேண்ட்லைன் வேலை செய்கிறது. (சுவர் பிளக்கில் மாட்டும் கார்ட்லெஸ் போனுக்கு இது பொருந்தாது.) ரிசீவரை எடுத்ததும் கம்பியில் மின்னோட்டம் பாயும். அதை நிலையம் கவனித்து டயல் டோன் தரும்.

சோதனை 1: மொபைலில் இருந்து உங்கள் லேண்ட்லைனுக்குக் கூப்பிடுங்கள்

லேண்ட்லைன் பக்கத்திலேயே நின்றுகொண்டு கூப்பிடுங்கள். என்ன கேட்கிறது?

• மொபைலில் ரிங் கேட்கிறது, ஆனால் போன் அடிக்கவில்லை: கூப்பிடுபவர் காதில் விழும் ரிங் சத்தத்தைத் தருவது தொலைபேசி நிலையம், உங்கள் வீட்டுப் போன் அல்ல. கம்பி நடுவில் அறுந்திருந்தால், ரிசீவர் வைத்தபடி இருப்பதாகவே நிலையம் நினைத்துக்கொள்ளும். ரிசீவரை எடுத்துப் பாருங்கள். டயல் டோனும் இல்லை என்றால் கம்பி அறுந்திருக்கலாம் அல்லது எங்காவது கழன்றிருக்கலாம். டயல் டோன் இருக்கிறது என்றால் லைன் நல்லாயிருக்கிறது. போனின் ரிங்கர் பட்டன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

• எப்போது கூப்பிட்டாலும் பிஸி: ரிசீவர் சரியாக வைக்கப்படவில்லை, அல்லது மாடியில் உள்ள இன்னொரு போன் எடுத்தபடி கிடக்கிறது. இரண்டும் இல்லை என்றால் இரண்டு கம்பிகளும் எங்கோ ஒன்றோடொன்று உரசுகின்றன.

• ஒரு ரிங்கிலேயே நின்றுவிடுகிறது: மழைக்காலத்தில் அதிகம் வரும் பிரச்சினை. இணைப்பில் ஈரம் இறங்கி மின்சாரம் கசிந்தால், யாரோ ரிசீவரை எடுத்துவிட்டதாக நிலையம் தவறாகப் புரிந்துகொள்ளும்.

• ஏதாவது அறிவிப்பு வருகிறது, அல்லது உள்ளே கால் வருகிறது, வெளியே போகவில்லை: முதலில் பில் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்.

சோதனை 2: பழுது வீட்டுக்குள்ளா, வெளியேயா?

1. பேரலல் போன், மோடம், ஸ்பிளிட்டர், நீட்டிப்பு ஒயர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள்.

2. லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியில், நன்றாக வேலை செய்யும் ஒரே ஒரு போனை மட்டும் நேராக மாட்டுங்கள். பக்கத்து வீட்டில் ஒரு நிமிடம் இரவல் வாங்கினாலும் போதும்.

3. டயல் டோன் வந்தால் பழுது உங்கள் வீட்டுக்குள். கழற்றிய ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டும்போது டோன் போகிறதோ அதுதான் குற்றவாளி.

4. டோன் வரவில்லை என்றால் பழுது அந்தப் பெட்டியில் அல்லது அதற்கு வெளியே. இனி நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: புகார் பதிவு.

பல நேரங்களில் கோளாறு சின்னதுதான். ரிசீவரையும் போனையும் இணைக்கும் சுருள் ஒயர் உள்ளே அறுந்திருக்கும். போன் அடிக்கும், எடுத்தால் பேச்சு கேட்காது. எலி கடித்த ஒயரும் உண்டு.

சத்தம் சொல்லும் சேதி

'கரகர' சத்தம்: இணைப்பில் ஈரம் அல்லது துரு. நல்ல வெயில் அடித்ததும் தானாகவே சரியாகிவிடும், அடுத்த மழையில் திரும்ப வரும். "இப்போ நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். மழை நேரத்திலேயே புகார் செய்யுங்கள். பழுது இருக்கும்போது சோதித்தால்தான் இடம் பிடிபடும்.

வேறு யாரோ பேசுவது கேட்பது: கேபிளில் வேறொரு லைனோடு கலப்பு. இதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

இன்டர்நெட் ஓடும்போது மட்டும் இரைச்சல்: செம்புக் கம்பி பிராட்பேண்டில் ஸ்பிளிட்டர் கெட்டிருக்கலாம், அல்லது ஏதோ ஒரு போன் ஸ்பிளிட்டர் வழியாக வராமல் நேராக மாட்டப்பட்டிருக்கலாம்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

காவிரிக்கரை ஊர்களில் காற்றடித்தால் தென்னை மட்டை விழுந்து ஒயர் அறுவது சகஜம். அறுந்து தொங்கும் ஒயர் டெலிபோன் ஒயர்தானே என்று கையில் பிடிக்க வேண்டாம். மேலே மின்கம்பியோடு அது உரசிக்கொண்டிருக்கலாம். அப்படித் தெரிந்தால் விலகி நின்று, மின்வாரியத்தின் 'மின்னகம்' எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

கம்பத்தில் ஏற வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் ஒயர் போனைத் தொட வேண்டாம். சுவர்ப் பெட்டியை ஈரக்கையோடு திறக்க வேண்டாம். ரிங் வரும் நேரத்தில் கம்பியில் 75 வோல்ட்டுக்கு மேல் வரலாம், சுரீர் என்று அடிக்கும்.

புகார் செய்வது எப்படி?

பிஎஸ்என்எல் வாடிக்கையாளர்கள் அதன் கட்டணமில்லா உதவி எண்ணை அழைக்கலாம். செல்ஃப்கேர் செயலியிலும் பதியலாம். மற்ற நிறுவன வாடிக்கையாளர்களுக்கு அந்தந்த உதவி எண் பில்லிலேயே இருக்கும்.

"போன் வேலை செய்யல" என்று மட்டும் சொல்லாதீர்கள். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டயல் டோன் இல்லை. மொபைல்ல இருந்து கூப்பிட்டா ரிங் போகுது, இங்க அடிக்கல. வேற போன் மாட்டியும் பார்த்தாச்சு. வீட்டுல வயசானவங்க தனியா இருக்காங்க." வருகிற லைன்மேனுக்கு பாதி வேலை மிச்சம்.

மூன்று விஷயங்களை மறக்காதீர்கள்:

• புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அதைத் தர வேண்டும் என்பது டிராய் அமைப்பின் 2012-ஆம் ஆண்டு விதி.
• எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.
• கரகர சத்தத்தை மொபைலில் பதிவு செய்து, சுவர்ப் பெட்டியைப் படம் எடுத்து வையுங்கள்.

தாமதமானால்?

பழுது நீடித்தால் வாடகையில் தள்ளுபடி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. டிராய் 2009-ல் கொண்டுவந்த சேவைத் தர விதிகள் இதற்குக் கணக்கே வகுத்தன: 3 நாளைத் தாண்டி 7 நாள் வரை என்றால் 7 நாள் வாடகை, 15 நாள் வரை என்றால் 15 நாள் வாடகை, அதற்கும் மேல் என்றால் ஒரு மாத வாடகை. 2024 அக்டோபர் 1 முதல் அந்த இடத்தில் புதிய சேவைத் தர விதிகள் வந்துள்ளன. அடுத்த பில் வரும்போது தள்ளுபடி கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் புகார் எண்ணைக் காட்டிக் கேளுங்கள்.

புகாருக்குத் தீர்வு இல்லை என்றால், அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அதற்கும் பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. தொலைத்தொடர்பு சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது. இந்த எல்லாப் படிகளுக்கும் அடிப்படை அந்த ஒரு புகார் எண்தான்.

ஃபைபருக்கு மாறிவிட்டீர்களா?

இப்போது பல ஊர்களில் செம்புக் கம்பிக்குப் பதில் ஃபைபர் வருகிறது. அப்படியானால் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். 'எல்ஓஎஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபர் இழை அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது, புகார் செய்யுங்கள். இழையின் நுனியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்க்காதீர்கள்.

முக்கியமான வித்தியாசம் ஒன்று: ஃபைபர் போன் உங்கள் வீட்டுக் கரண்டில்தான் ஓடும். கரண்ட் போனால் போனும் போகும். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் மோடத்துக்கு இன்வெர்ட்டர் அல்லது சின்ன யுபிஎஸ் இணைப்பு கொடுத்துவிடுங்கள். 108, 112 போன்ற அவசர எண்களுக்கு எந்த நேரத்திலும் கூப்பிட முடிய வேண்டும் அல்லவா?

வாரம் ஒரு முறை போதும்

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் நான் பெரியம்மாவுக்குக் கூப்பிடுவேன். அவர் எடுத்து, "அடிச்சிச்சு, வச்சிடு. சீரியல் ஓடுது" என்பார். அவ்வளவுதான் பேச்சு. ஞாயிறு காலை மஸ்கட் அண்ணனுக்கு நிம்மதி.

உங்கள் ஊரிலும் லேண்ட்லைனை நம்பி ஒரு பெரியவர் இருப்பார். இதைப் படித்து முடித்ததும் அவருக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். ரிங் போனால் மட்டும் போதாது. அவர் குரல் கேட்க வேண்டும்.