தலைமுறைப் பெயர்களும் நம் ஊர்ப் பேச்சும்

கரிசல் சீமையில் எந்த ஊர் மந்தைக்குச் சென்றாலும் இரண்டு பேச்சுக்கள் காதில் விழும். “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பு வணங்காது; கைப்பேசியே கதி” என்பது ஒன்று. “பழைய ஆட்களுக்கு ஒன்றும் தெரியாது, சொன்னாலும் விளங்காது” என்பது மற்றொன்று. முன்னது சாவடித் திண்ணையிலிருந்து எழுவது; பின்னது பஸ் நிற்குமிடத்திலிருந்து எழுவது. இவை பொழுதுபோக்குப் பேச்சாக நின்றுவிடுமாயின் அவற்றைப் பற்றி எழுத வேண்டிய அவசியமே இராது. ஆனால் கிராம சபையில் யார் சொல்லுக்குச் செவி சாய்ப்பது, பட்டாசு அறையில் யாரை எந்த வேலைக்கு அமர்த்துவது, பிளஸ் டூ முடித்த பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவதா வேண்டாமா என்பன போன்ற முடிவுகளிலெல்லாம் இப்பேச்சு உள்ளே புகுந்து வேலை செய்கிறது. ஆகவே பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நல்லது.

பெயர் வந்த வழி

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் பிறப்பு விகிதம் மிகவும் உயர்ந்திருந்தது. அக்காலத்தில் பிறந்தவர்களுக்கு அந்நாட்டார் ‘பேபி பூமர்’ என்று பெயர் வைத்தனர். அதன்பின் பிறந்தவர்களுக்கு ‘எக்ஸ்’ என்றும், ‘மில்லெனியல்’ என்றும், ‘ஸீ’ என்றும் வரிசையாகப் பெயர்கள் வந்தன. முதற் பெயருக்காவது பிறப்புக் கணக்கு என்னும் ஆதாரம் உண்டு. பின்வந்தவற்றில் வியாபார விளம்பரக்காரரின் கைவேலை மிகுதி. இப்பெயர்களை நெடுங்காலம் தம் ஆய்வுகளில் வழங்கி வந்த பியூ ஆய்வு மையமே, இனி அவற்றை மிக்க எச்சரிக்கையுடன்தான் கையாளப் போவதாக 2023இல் அறிவித்துவிட்டது.

நம் நாட்டிலும் இப்போது ‘90ஸ் கிட்ஸ்’ என்றும் ‘2கே கிட்ஸ்’ என்றும் வழங்குகிறோம். முன்னவர் தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்தவர், தேன் மிட்டாய் தின்றவர், இன்னும் கல்யாணம் ஆகாதவர் என்பதும், பின்னவர் பொறுமையற்றவர், பெரியோர் சொல் கேளாதவர் என்பதும் வேடிக்கையாகச் சொல்லப்படுவன. இப்படிச் சொல்லும்போது நம் மனக்கண்ணில் நிற்பது பெரும்பாலும் பட்டணத்துப் பிள்ளைதான். 1990இல் சென்னையில் பிறந்த பிள்ளையும், அதே ஆண்டில் வெம்பக்கோட்டைப் பக்கத்தில் பிறந்த பிள்ளையும் ஒரே பெயரைப் பெறுகின்றனர். பத்து வயதில் ஒன்று தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தது. மற்றொன்று தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்திருக்கலாம். இவ்விருவருக்கும் ஒரே குணம் எப்படி அமையும்? காரல் மான்ஹைம் என்னும் சமூகவியல் அறிஞர் தலைமுறைகளைப் பற்றி 1928இல் எழுதிய கட்டுரையில், ஒரே காலத்தில் பிறந்ததனால் மட்டும் மக்கள் ஒரு தலைமுறை ஆகிவிடுவதில்லை என்றும், அவர்கள் நின்ற இடமும் பட்ட அனுபவமும் சேர்ந்தே அவர்களை உருவாக்குகின்றன என்றும் விளக்கினார்.

நம் முன்னோரும் வயதுக்குப் பெயர் இட்டவரே. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம் வகுத்தனர். ஆனால் அவை யாவரும் கடந்து செல்லும் படிகள். இன்றைய பேதை நாளைய மங்கை. ‘2கே’ என்று முத்திரை குத்தப்பட்டவரோ எண்பது வயதிலும் அம்முத்திரையுடனேயே இருக்க வேண்டும். இவ்வேறுபாடு சிறிதன்று.

மூன்று காரணங்கள்

ஒருவரிடம் நாம் காணும் பழக்கம் மூன்று வழிகளில் வந்திருக்கலாம். வயதினால் வருவது முதலாவது. வண்டியை வேகமாக ஓட்டும் இளைஞனைக் கண்டு ‘இந்தக் காலத்துப் பையன்’ என்கிறோம். அவன் தாத்தா இருபது வயதில் ரேக்ளா வண்டியை எப்படி ஓட்டினார் என்பதை யாரும் நினைப்பதில்லை. நடப்புக் காலத்தினால் வருவது இரண்டாவது. இது எல்லா வயதினரையும் ஒரே சமயத்தில் பிடிக்கும். கைப்பேசி இதற்கு உதாரணம். பேரனைக் கடிந்துகொண்டே பாட்டியும் அதில் தொடர் பார்ப்பதைப் பல வீடுகளில் காணலாம். பிறந்த காலத்தினால் வருவது மூன்றாவது. குறித்த ஆண்டில் குறித்த வயதில் இருந்ததனால் ஒருவருக்குக் கிடைத்ததும் கிடைக்காமற் போனதும் அவரை ஆயுள் முழுவதும் தொடர்கின்றன. தலைமுறை வேறுபாடு என்று உண்மையில் சொல்லத்தக்கது இது ஒன்றே. மற்ற இரண்டையும் இதனோடு குழப்புவதால்தான் வீண் சண்டை வருகிறது.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம்

சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மூன்று பெண்கள் வாழும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். பாட்டி பிறந்தது 1950. தாய் பிறந்தது 1975. மகள் பிறந்தது 2003.

பாட்டி பிறந்த மறு ஆண்டு எடுத்த ஜனத்தொகைக் கணக்குப்படி, இன்றைய தமிழ்நாட்டுப் பகுதியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே. அவள் பள்ளி வயதை அடைந்தபோது, 1956-57இல், பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் பரவலாயிற்று. விருதுநகரில் பிறந்து, பன்னிரண்டு வயதளவில் படிப்பை விட்டுத் துணிக்கடையில் வேலைக்கு நின்ற காமராசர் அப்போது முதலமைச்சர். படியாதவருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்னும் பேச்சுக்கு இந்த ஜில்லாவே தக்க பதில் வைத்திருக்கிறது. அந்தப் பாட்டி நாலாம் வகுப்போ ஐந்தாம் வகுப்போ படித்துவிட்டுப் பருத்தி எடுக்கப் போனாள் என்று வைத்துக்கொள்வோம்.

தாயின் கதை வேறு. பாட்டியைவிடத் தாய் அதிகம் படித்திருக்க வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பர். ஆனால் அவள் எட்டு வயதை எட்டிய 1983இல், தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் இப்பகுதியின் ஊர்தோறும் குழந்தைகளின் கைகளைத் தேடி வந்திருந்தன. ஆலைப் பஸ்கள் விடியுமுன்பே ஊருக்குள் வந்து, தூங்கும் பிள்ளைகளை எழுப்பி ஏற்றிச் சென்றதை அக்காலத்து ஆய்வாளர் பலர் பதிவு செய்துள்ளனர். மழை பொய்த்த ஆண்டில் பெற்றோர் வாங்கிய முன்பணத்தைக் கழிக்கக் குழந்தை போய்க் கட்டை அடுக்கியது, பெட்டி ஒட்டியது. இவ்வாறு, மதிய உணவு உண்டு படித்த தாய்க்குப் பள்ளியையே காணாத மகள் வாய்த்த வீடுகளும் உண்டு. தலைமுறை என்பது படிக்கட்டைப் போல மேலே மேலே ஏறிச் செல்வது என்று எண்ணுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டியதில்லை.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. தீப்பெட்டி, வெடிபொருள், பட்டாசு வேலைகளில் 14 வயதுக்குட்பட்டோரை அமர்த்தலாகாது என்று அது விதித்தது. அப்போது நம் தாய்க்குப் பதினொரு வயது. சட்டம் ஏட்டில் ஏறிய மறுநாளே பஸ் நின்றுவிடவில்லை. 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின்கீழ்ச் சிவகாசிப் பகுதியில் சிறப்புப் பள்ளிகள் ஏற்பட்டன. சிவகாசிக் குழந்தைகளைக் குறித்துத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10ஆம் நாள் அளித்த தீர்ப்பு, குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி குழந்தை ஒன்றுக்கு ரூ.20,000 செலுத்த வேண்டும் என்று கூறிற்று. அப்போது தாய்க்கு வயது 21. அவளுக்குப் பத்தாண்டு பிந்திப் பிறந்த தங்கைக்கு அத்தீர்ப்பு பயன்பட்டிருக்கலாம், அவளுக்குப் பயன்படவில்லை. ஒரே வயிற்றில் பிறந்த இருவரிடையே இத்தனை தூரம்.

மகளின் காலத்தில் பள்ளிப் படிப்பு வழக்கமாகிவிட்டது. பிளஸ் டூ தேர்ச்சியில் விருதுநகர் மாவட்டம் பல ஆண்டுகள் மாநிலத்தின் முன்வரிசையில் நின்றது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் திட்டம் 2022இல் தொடங்கிற்று. இந்த மகள் பட்டாசு ஆலைக்குப் போக மறுத்தால் ‘உடம்பு வணங்காதவள்’ என்று பெயர் சூட்டுகிறோம். அவளைப் பள்ளிக்கு அனுப்பியவள் யார்? பள்ளியைக் காணாத அந்தத் தாயே. மருந்து அறைக்குள் தன் பிள்ளை கால் வைக்கலாகாது என்று இருபதாண்டு உழைத்தவளின் எண்ணம் நிறைவேறியதை நாம் பிள்ளையின் சோம்பல் என்கிறோம்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை விதித்தபின் சில மாதங்கள் ஆலைகள் மூடிக் கிடந்தன. சரம் பின்னிப் பிழைத்த கைகளுக்கு வேலை குறைந்தது. அவ்வேளையில் பதினைந்து வயதாயிருந்த பெண், இத்தொழிலை நம்பி வாழ்க்கையை அமைக்கலாமா என்று தயங்கியிருந்தால் அது விவேகமே. 1922இல் இருபது வயதையொட்டிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் வறண்ட சிவகாசியில் வழி காணாது கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்று வந்தனர். ஊரை விட்டுப் போன அவ்விளைஞர்களை நாம் இன்று கொண்டாடுகிறோம். திருப்பூருக்கும் சென்னைக்கும் போகும் இளைஞரை மட்டும் குறை கூறுவானேன்?

பட்டாசு அறையில்

தலைமுறைப் பேச்சு உயிருக்கே ஆபத்தாக முடியும் இடம் ஒன்று உண்டு. “நான் முப்பது வருஷமாக மருந்து இடிக்கிறேன், எனக்குச் சட்டம் சொல்லாதே” என்று மூத்தவர் கூறுவதும், விபத்து நேர்ந்தவுடன் “புதுப்பையன்களின் அலட்சியம்” என்று ஊரார் முடிவு கட்டுவதும் அடிக்கடி கேட்பவை. இரண்டும் தீக்கு வழிவிடும் பேச்சுக்கள்.

மிஞ்சிய மருந்துக் கலவையை மறுநாளைக்கு வைக்கலாகாது என்பது மூத்த தொழிலாளரின் வழக்கு. அலுமினியத் தூள் கலந்த மருந்து ஈரம் பட்டால் தானே சூடேறும். அதனால் அவ்வழக்கு முற்றும் சரி. இளையவர் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆனால் பசுமைப் பட்டாசுக்கென 2018க்குப் பின் வந்த கலவைகளில் முப்பது வருஷப் பழக்கம் யாருக்கும் இல்லை. அவற்றைப் பொறுத்தவரை மூத்தவரும் புதியவரே. பயிற்சி வகுப்பில் பேரன் வயதினரோடு அமர்ந்து கற்பதில் குறைவு ஒன்றுமில்லை.

விபத்துக்களுக்குப் பின் நடந்த விசாரணைகளில் மீண்டும் மீண்டும் வெளிவந்தவை உள்குத்தகை, அனுமதித்ததற்கு மேற்பட்ட ஆட்கள், அறைக்கு வெளியே மரத்தடியில் வேலை, அளவுக்கு மீறிய இருப்பு என்பவையே. இவற்றுள் எதுவும் வயதைச் சார்ந்ததன்று. நால்வருக்கு உரிய அறையில் பத்துப் பேரை இருத்திவிட்டுப் பத்தாமவனின் தலைமுறையைக் குறை கூறுவது நியாயமாகாது. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த கோர விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். புகையைக் கண்டு ஓடிவந்த சுற்றுப்புற ஊராரும் அவர்களுள் இருந்தனர். எரியும் ஆலையை நெருங்கலாகாது என்பதைப் பெரியவர், சிறியவர் என்ற பேதமின்றி ஊர் முழுவதும் அறிந்திருக்க வேண்டும். இதனை ஊருக்குச் சொல்லும் பொறுப்பு பஞ்சாயத்துக்கு உண்டு.

வயலில்

மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்த கதையை விவசாயிகளுக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த அப்புழு 2018இல்தான் நம் நாட்டில் முதன்முதலாகக் காணப்பட்டது. தாத்தாவும் அதைக் கண்டதில்லை, பேரனும் கண்டதில்லை. கூட்டுப்புழு மண்ணுக்குள் இருப்பதால் கோடை உழவு ஆழமாக வேண்டும் என்றும், ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இட வேண்டும் என்றும், வரப்போரத்தில் தட்டைப்பயறும் எள்ளும் விதைக்கலாம் என்றும் வேளாண்மைத் துறையினர் கூறினர். கோடை உழவும் பிண்ணாக்கும் தாத்தா அறிந்தவை. புழுவைப் படம் பிடித்து அதிகாரிக்கு அன்றே அனுப்பியது பேரனின் கைப்பேசி. இருவரும் பேசிக்கொண்ட வீட்டில் பயிர் தப்ப வழி இருந்தது.

கிராம சபையில்

வாக்களிக்கும் வயது 1989இல் 21இலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க 21 வயது போதும். எனினும் கிராம சபைக்கு இளைஞர் வருவதில்லை என்று குறை கூறப்படுகிறது. அக்கறையில்லை என்று சொல்லிவிடுவது எளிது. வராதவர் வெளியூர் வேலையில் இருக்கிறாரா, ஆலைக்குப் போய்விட்டாரா, வந்து பேசியபோது “சின்னப் பையன் உட்கார்” என்று சென்ற முறை அடக்கப்பட்டாரா என்று விசாரித்தவர் மிகச் சிலர். அவ்வாறே, அறுபது வயதுப் பெண் விண்ணப்பத்தை வாங்கத் தயங்கினால் அவள் புதுமைக்குப் பகை என்று பொருளல்ல. அவளுக்குப் பத்து வயது ஆனபோது வந்த பஸ் அவளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லவில்லை. விண்ணப்பத்தை ஒருவர் வாசித்துக் காட்டினால் போதும். அவளுக்கு எது வேண்டும் என்பதை அவளே சொல்வாள்.

கிராம வளர்ச்சித் திட்டத்துக்காக வீடு வீடாகக் கணக்கெடுக்கையில் வயதைக் குறித்துக்கொள்கிறோம். அதனோடு, “பத்து வயதில் எங்கே இருந்தீர்கள்? பள்ளியிலா, காட்டிலா, ஆலையிலா?” என்னும் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம். முதியோர் வகுப்பு எத்தெருவில் வேண்டும், தையற் பயிற்சியா கணினிப் பயிற்சியா, தொழிலாளர் நல வாரியத்தில் பதியாதவர் எவர் என்பவற்றுக்கு அந்த ஒரு விடையிலிருந்து பாதி வழி தெரிந்துவிடும். மீதிப் பாதிக்கு, மகள் எந்த பஸ்ஸில் கல்லூரி சென்று எந்த நேரத்தில் வீடு திரும்புகிறாள் என்பதையும் கேட்க வேண்டும்.