010 என்றால் பத்து இல்லை!
(சி மொழியில் மாறிலிகள் – ஒரு பாடம்)



போன பருவத்தேர்வு முடிஞ்சதும் எங்க குழு சி மொழியில் ஒரு மார்க் லிஸ்ட் புரோகிராம் எழுதியது. வருகைப் பதிவேட்டில் உள்ளபடியே 001, 002, 003 என்று வரிசை எண்களை அப்படியே டைப் அடித்தோம். 007 வரை தகராறு இல்லை. 008-க்கும் 009-க்கும் கம்பைலர் பிழை காட்டியது. காரணம் யோசிக்காமல், 8, 9 வரும் எண்களில் மட்டும் முன்னால் உள்ள பூச்சியத்தை எடுத்துவிட்டோம். பிழை போயிடுச்சு, புரோகிராம் ஓடுச்சு. எங்களுக்கு ஒரே சந்தோஷம்!

பிரின்ட் எடுத்துப் பார்த்தால், 78 வாங்கிய 10-ஆம் எண் மாணவிக்கு 29. அவள் கண் கலங்கிட்டாள். 41 வாங்கிய 8-ஆம் எண்ணுக்கோ 78!

ஏன் இப்படி?

புரோகிராமில் நாம் நேராக எழுதும் மதிப்புக்கு லிட்டரல் என்று பெயர். 35, 2.5, '5', "5" எல்லாம் லிட்டரல்களே. ஒரு லிட்டரலை எப்படி எழுதுகிறோமோ, அதை வைத்துத்தான் கம்பைலர் அதன் வகையையும் மதிப்பையும் முடிவு செய்யும்.

முழு எண் பூச்சியத்தில் தொடங்கினால் சி மொழி அதை ஆக்டல், அதாவது எட்டின் அடிமான எண் என்று எடுத்துக்கொள்ளும். அதில் 0 முதல் 7 வரைதான் இலக்கங்கள். அதனால்தான் 008 பிழை. 010 என்பது 1×8 + 0 = 8. ஆகவே 10-ஆம் எண்ணின் மார்க் 8-ஆம் இடத்தில் போய் உட்கார்ந்தது. 012 என்பது 10. அதனால் 12-ஆம் எண்ணின் 29 இவள் தலையில் விழுந்தது.

1970-களில் டென்னிஸ் ரிட்சி பெல் ஆய்வகத்தில் சி மொழியை உருவாக்கினார். அங்கிருந்த பிடிபி-11 கணினியில் ஆக்டலில் எழுதுவது வழக்கம். அந்தப் பழக்கம் மொழியிலும் தங்கிவிட்டது.

இன்னும் இரண்டு பள்ளங்கள்

1. 5, '5', "5" மூன்றும் ஒன்றல்ல. முதலாவது எண். இரண்டாவது ஒரு எழுத்துக்குறி. ஆஸ்கி அட்டவணையில் அதன் மதிப்பு 53. மூன்றாவது சரம், கடைசியில் '\0' சேர்ந்து 2 பைட் பிடிக்கும்.

2. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் தசமம் காணாமல் போகும். 347/5 என்றால் 69 மட்டும். 347/5.0 என்று எழுதினால் 69.4 கிடைக்கும். ஒரு புள்ளியும் பூச்சியமும் செய்யும் வேலையைப் பாருங்க!

மாறிலிக்குப் பெயர் வையுங்கள்

தேர்ச்சி மதிப்பெண் 35-ஐ எங்க புரோகிராமில் ஆறு இடத்தில் எழுதியிருந்தோம். நாளைக்கு அதை 40 ஆக்கச் சொன்னால் ஆறு இடமும் தேடணும். ஒன்றை விட்டாலும் தப்பு. அதற்குத்தான் கான்ஸ்ட். ஒரே இடத்தில் பெயர் வைத்து 35 என்று கொடுத்துவிட்டால், மற்ற இடங்களில் பெயர் மட்டும் போதும். பின்னால் அதன் மதிப்பை மாற்ற முயன்றால் கம்பைலரே தடுத்துவிடும். #டிஃபைன் போட்டும் பெயர் வைக்கலாம். ஆனால் அந்த வரியின் கடைசியில் அரைப்புள்ளி போடக்கூடாது. போட்டால் அதுவும் மதிப்போடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்!

எங்க லிஸ்டைத் திருத்தி, அந்த மாணவியின் 78-ஐ அவளிடமே சேர்த்துவிட்டோம். மன்னிப்பும் கேட்டோம். பிழைச்செய்தி வந்தால் அதை மறைக்காதீங்க, காரணத்தைத் தேடுங்க. இதுதான் நாங்க படிச்ச பெரிய பாடம்.

உங்களுக்கு ஒரு சவால்! விடை என்ன?
அ) 011 + 1
ஆ) '7' - '0'
இ) 1/2 + 1/2

(விடைகள்: அ) 10 ஆ) 7 இ) 0. மூன்றும் சரி என்றால் நீங்க கில்லாடி!)

– கணினி மன்ற மாணவர்கள்