மிகை உடற்பருமனுக்கு அறுவை சிகிச்சை: எங்கே செய்துகொள்வது?

தாராவியின் தொண்ணூறடிச் சாலையையொட்டி வசிக்கும் தொழிலாளர் குடும்பமாயினும், மாதுங்காவிலோ செம்பூரிலோ வசிக்கும் உத்தியோகஸ்தர் குடும்பமாயினும், எடையைக் குறைக்க இரைப்பையில் அறுவை சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொன்னவுடன் எழும் முதற் கேள்வி, சர்க்கார் ஆஸ்பத்திரியா அல்லது பிரைவேட் ஆஸ்பத்திரியா என்பதே. ஆனால் அதற்கு முன்பு கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. சிகிச்சை அந்த நபருக்கு அவசியந்தானா என்பதே அது.

இதனை அறிய உடற்பருமன் எண் பயன்படுகிறது. எடையைக் கிலோகிராமிலும் உயரத்தை மீட்டரிலும் குறித்துக்கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 1.60 மீட்டர் உயரமும் 96 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்மணிக்கு இந்த எண் 37.5 ஆகும். (ஆசிரியர்கள் இதனைத் தசமக் கணக்காகக் கற்பிக்கலாம், ஆனால் மாணவர் எவரையும் வகுப்பின் முன் நிறுத்தி எடை பார்ப்பது தகாது. மேலும், பெரியோருக்குரிய வரம்புகள் சிறுவர்களுக்குப் பொருந்தா.) இந்தியருக்கு வயிற்றில் கொழுப்பு சேர்வதும் நீரிழிவு தோன்றுவதும் குறைந்த எடையிலேயே நிகழ்கின்றன. ஆகையால் 2009-ஆம் ஆண்டில் இந்திய வல்லுநர்கள் வரம்பைத் தாழ்த்தி, எண் 37.5-ஐ எட்டியவர்களுக்கும், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு முதலிய நோய்கள் இருப்பின் 32.5-ஐ எட்டியவர்களுக்கும், உணவுக் கட்டுப்பாடும் தேகப் பயிற்சியும் பலனளிக்காதபோது அறுவை சிகிச்சையைக் கருதலாம் என்று பரிந்துரைத்தனர்.

இன்ஷூரன்ஸ் விதியோ வேறு. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் வகுத்துள்ள பொது விதியின்படி, வயது 18-க்கு மேலிருந்து, எண் 40 அல்லது அதற்கு மேலிருக்க வேண்டும்; அல்லது 35-க்குக் குறையாமல் இருந்து, இருதய நோய், தூக்கத்தில் கடுமையான மூச்சுத் தடை, கட்டுக்கடங்காத நீரிழிவு ஆகியவற்றுள் ஒன்று இருக்க வேண்டும். மேற்கண்ட பெண்மணிக்கு இந்நோய்கள் இல்லையெனில், மருத்துவ நூலின்படி அவர் சிகிச்சைக்குத் தகுதியுடையவர், பாலிசியின்படி தகுதியற்றவர். அவர் 40-ஐ எட்ட 102.4 கிலோ இருக்கவேண்டும்! கம்பெனியின் முன் அனுமதியை எழுத்து மூலம் பெறாமல் ஆஸ்பத்திரியில் சேருவது, நகையை அடகு வைப்பதில் கொண்டுபோய் விடும்.

சிகிச்சையில் பெருவழக்காக உள்ளவை இரண்டு முறைகள். இரைப்பையின் முக்காற்பங்கிற்கு மேற்பட்ட பகுதியை நீக்கி, எஞ்சியதைக் குழாய்போல் அமைப்பது ஒன்று. இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் பிரித்துச் சிறுகுடலுடன் இணைப்பது மற்றொன்று. இரண்டும் லேப்ராஸ்கோப் கருவியைக் கொண்டு சிறு துவாரங்களின் வழியே செய்யப்படுகின்றன. தையலில் கசிவு, இரத்தப் போக்கு, நுரையீரலில் இரத்தக் கட்டி ஆகியன அரிதெனினும் உயிருக்கு ஆபத்தானவை.

தாராவிக்கு அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரி, சயானில் மாநகராட்சி நடத்தும் லோகமான்ய திலக் ஆஸ்பத்திரியாகும். அங்குள்ள பொது அறுவை சிகிச்சைப் பிரிவில் முதலில் விசாரிக்கலாம். பரேலிலுள்ள கே.இ.எம்., பைகுல்லாவிலுள்ள ஜே.ஜே. ஆகியனவும் மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தவை. இத்தகைய ஸ்தாபனங்களில் மயக்க மருந்து நிபுணர், இருதய நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவு, இரத்த வங்கி யாவும் ஒரே வளாகத்தில் உள்ளன. கட்டணம் மிகக் குறைவு. ஆயினும் இரைப்பையை வெட்டித் தைக்கும் ஸ்டேப்ளர் போன்ற விலையுயர்ந்த சாமான்களை நோயாளியே வாங்கித் தர நேரிடலாம். அதனை முன்னதாகவே கேட்டறிய வேண்டும். சோதனைகளுக்காகப் பலமுறை வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். தினக்கூலி பெறுபவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி நஷ்டமாகும். இதனையும் செலவாகக் கணக்கிடாமல், அங்கே எல்லாம் இலவசம் என்று சொல்லி அனுப்புவது சரியன்று.

தனியார் ஆஸ்பத்திரியில் தேதி விரைவில் கிடைக்கும். செலவோ லட்சக் கணக்கில் ஆகும். அறிவிக்கப்படும் மொத்தத் தொகையில் தீவிர சிகிச்சை நாட்கள் அடங்குமா, கசிவு ஏற்பட்டு மறுபடியும் அறுவை செய்ய நேர்ந்தால் யார் செலவு என்பவற்றை எழுதி வாங்குதல் நலம். 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இச்சிகிச்சைக்காகச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இறந்தார். அவசர நிலையைச் சமாளிக்கும் வசதிகள் அங்குப் போதவில்லை என்று மாநிலச் சுகாதாரத் துறையின் விசாரணையில் கண்டறியப்பட்டது. அறையின் அழகைவிட, இரவில் தீவிர சிகிச்சைப் பிரிவில் யார் இருப்பார்கள் என்பதே முக்கியமான கேள்வி.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்றும் உண்டு, பலர் அறியாதது. மகாராஷ்டிரத்தில் தர்ம டிரஸ்டுகளாகப் பதிவான ஆஸ்பத்திரிகள், 2006-இல் உயர் நீதிமன்றம் ஏற்ற திட்டத்தின்படி, நூற்றுக்குப் பத்துப் படுக்கைகளை வறியவர்களுக்கு இலவசமாகவும், மேலும் பத்தை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு ஆகியவற்றுடன் ஆஸ்பத்திரியின் சமூக சேவகரைக் காண வேண்டும். தமிழ் மட்டும் அறிந்த முதியோருக்கு மராத்தி மனுவை எழுதிக் கொடுப்பது களப்பணியாளர் செய்யக்கூடிய பேருதவி. மத்திய அரசாங்க ஊழியர்கள் தங்கள் சுகாதாரத் திட்டத்தின் மருந்தகத்திலும், செம்பூரை அடுத்த அணுசக்தி நகர்வாசிகள் தங்கள் துறையின் ஆஸ்பத்திரியிலும் முதலில் விசாரித்தல் வேண்டும்.

2025-இல் டிர்செபடைடு, செமாக்ளுடைடு எனும் எடைக் குறைப்பு ஊசி மருந்துகள் இந்தியாவில் விற்பனைக்கு வந்துள்ளன. அவற்றை நிறுத்தினால் இழந்த எடை பெரும்பாலும் திரும்புகிறது.

அறுவைக்குப் பின்னும் செலவு முடிவதில்லை. இரும்புச் சத்து, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவற்றை ஆயுள் முழுவதும் உட்கொண்டு, காலந்தோறும் இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். பருப்பு, முட்டை, மீன் முதலிய புரத உணவை முதலில் உண்டு, பிறகே சோற்றுக்குச் செல்ல வேண்டும். சிகிச்சை பெற்ற பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும். எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு அதிகரிப்பதால் இது மறக்கப்படலாகாது. சிகிச்சை நடந்த தேதியைக் களப்பணியாளர் தமது பதிவேட்டில் குறித்து வைத்து, பிரசவ கால மருத்துவருக்கும் தெரிவிக்க வேண்டும்.