கண் மங்கலா? கேமிங் திரை வாங்குமுன்

திரை வாங்க ஈப்போ யிக் ஃபூங் காம்ப்ளெக்சுக்குக் கிளம்புமுன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். வாசிப்புக் கண்ணாடி சுமார் 40 செ.மீ. தூரத்துக்கானது, திரையோ 60, 70 செ.மீ. தள்ளி நிற்கும். அந்தத் தூரத்தை அளந்து கண்ணாடிக் கடையில் சொல்லுங்கள்.

திரைக் கடையில் 240 ஹெர்ட்ஸ் புதுப்பிப்பு வேகம் என்று ஆசை காட்டுவார்கள். அது பிறகு, எழுத்தின் அளவே முதலில். 27 அங்குலத்தில் 4கே என்றால், செட்டிங்கில் பெரிதாக்காதவரை எழுத்தெல்லாம் எறும்புதான். 32 அங்குல 1440பி திரையில் எழுத்து 24 அங்குல 1080பி அளவிலேயே தெரியும், இடம் மட்டும் கூடும். பெரிய எழுத்தே வேண்டுமென்றால் 27 அங்குல 1080பி. கொஞ்சம் சொரசொரப்பாகத் தெரியும், பரவாயில்லை. பின்புறம் வெசா துளைகள் உண்டா பாருங்கள்; தாங்கி பொருத்தித் திரையை முகத்தருகே இழுக்கலாம்.

பழைய தோட்ட வீட்டில் சன்னலுக்கு எதிரே வைப்பதானால் பளபளப்பில்லாத மேட் திரையே சரி.